அத்தை நடந்து பார்த்த வீடு

வீடு வாங்கப் புறப்படுகிறவர்கள் சதுர அடி என்ன விலை என்றுதான் முதலில் கேட்பார்கள். எங்கள் வீட்டில் முதல் கேள்வி என் மாமியாரிடமிருந்து வந்தது. “அங்க நான் யார் துணையும் இல்லாம வெளிய போய்ட்டு வர முடியுமா?”

அப்போது மேடவாக்கத்துக்கு அப்பால் பெரிய அடுக்குமாடி வளாகம் ஒன்றில், நான்காவது மாடியில் வாடகைக்கு இருந்தோம். லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி, குழந்தைகள் விளையாட இடம், எதற்கும் குறைவில்லை. ஆனால் கேட்டைத் தாண்டிக் கால் வைத்தால் பிரதான சாலை. மழைநீர் வடிகாலின் மேல்மூடிகள்தான் அங்கே நடைபாதை. பாதி மூடிகள் பெயர்ந்து கிடக்கும், மீதியின் மேல் பைக்குகள் நிற்கும். ஒரு கட்டு கொத்தமல்லி வேண்டுமானாலும் அந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். உத்திரமேரூரில் கல்யாணமாகி வந்த நாள்முதல் தன் காலாலேயே ஊரைச் சுற்றி வந்தவர் அத்தை. மாமனார் காலமான பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவர், ஒவ்வொரு சின்ன வேலைக்கும் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் அதை ஞாயிற்றுக்கிழமை வரை மனசுக்குள்ளேயே வைத்திருப்பார். ஞாயிறு வந்ததும், மகன் அசந்து தூங்குவதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே விட்டுவிடுவார். அந்த இரண்டு வருடங்களில் அவர் நடையே மாறிப்போனது. சோபாவிலிருந்து எழுந்திருக்கவே கையை ஊன்ற ஆரம்பித்தார்.

உத்திரமேரூர் வீட்டை விற்ற பணம் அத்தை பெயரில் இருந்தது. எங்கள் சேமிப்பையும் அதோடு சேர்த்து ஒரு வீடு வாங்கலாம் என்று 2022-இன் கடைசியில் முடிவு செய்தோம். கணவருக்கு ஒரகடத்தில் வேலை, கம்பெனி பஸ் உண்டு. எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற மொழிபெயர்ப்பு வேலை. எப்போதாவது சென்னைக்குப் போனால் போதும். ஆகவே சென்னையிலேயே இருந்தாக வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. செங்கல்பட்டைப் பார்த்தோம். ரயிலுக்கு அதைப்போல வசதியான ஊர் கிடையாது, ஆனால் எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் காட்டப்பட்டவை எல்லாம் ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனைப் பிரிவுகள். அங்கேயும் பால் வாங்க வண்டி எடுக்க வேண்டும். அரக்கோணத்தையும் யோசித்தோம். அத்தைக்கு அங்கே யாரையும் தெரியாது.

காஞ்சிபுரத்தை அவருக்குத் தெரியும். உத்திரமேரூர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணப் புடவை, பித்தளைப் பாத்திரம் என்று எதற்கும் காஞ்சிபுரம்தான். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது என்றாலும், ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தே போய்விடக் கூடிய ஊர். மேற்கே கைலாசநாதர் கோயிலில் கிளம்பினால் ஏகாம்பரநாதர், காமாட்சி, குமரகோட்டம் எல்லாம் பார்த்துக்கொண்டு, காந்தி ரோடு வழியாகச் சின்ன காஞ்சிபுரத்து வரதராஜரை மதிய நடை சாத்துவதற்குள் தரிசித்துவிடலாம். இடையில் ஒரு காபி குடிக்கவும் நேரம் இருக்கும். இந்த நெருக்கம் தானாக வந்ததல்ல. தேரும் உற்சவரும் சுற்றி வருவதற்காக ராஜவீதிகளும் மாட வீதிகளும் அகலமாக விடப்பட்டன. அந்த வீதிகளை ஒட்டித் தொழில் செய்கிறவர்களின் தெருக்கள் அமைந்தன. சாமி ஒரே நாளில் சுற்றி வரக்கூடிய அளவுக்கே ஊர் விரிந்தது. 1914, 15-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதிய ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெடிஸ் இந்த ஊரின் அமைப்பை வியந்து பாராட்டியிருக்கிறார். பழைய ஊர்களை இடித்துத் திருத்துவதைவிட அவற்றின் போக்கைப் புரிந்துகொள்வது முக்கியம் என்று வாதாடிய மனிதர் அவர்.

வீடு தேடும்போது அத்தை ஒரு நிபந்தனை வைத்தார். ஆட்டோவில் போய் இறங்கி வீட்டைப் பார்ப்பது கூடாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துதான் போக வேண்டும். புரோக்கர் பைக்கை உருட்டிக்கொண்டு கூடவே வருவார். வழியில் அத்தை காய்கறிக் கடையில் நின்று விலை கேட்பார், மாவு மில் எங்கே என்று விசாரிப்பார், தெருக்குழாயடியில் நிற்கிற பெண்களிடம் பேச்சுக் கொடுப்பார். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்தத் தெருவைப் பற்றி எங்களைவிட அவருக்கு நிறையத் தெரிந்துவிடும்.

முதலில் பிடித்துப்போன வீடு ராஜவீதிக்கு அருகில் ஒரு சந்தில் இருந்தது. இரண்டு பக்கமும் திண்ணை, மரத் தூண்கள், முற்றத்தில் விழுகிற வெயில். விலையோ நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. காரணம் கேட்டபோது வீட்டுக்காரப் பெரியவர் ஒளிக்காமல் சொன்னார். “வீடு எங்களுதும்மா. மனை சாமியோடது.” காஞ்சிபுரத்தில் வீடு தேடுகிற எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் தப்ப முடியாது. பல தெருக்களில் நிலம் கோயில் பெயரில் இருக்கிறது. மேலே கட்டிய கட்டடம்தான் குடியிருப்பவருடையது, அடிமனைக்குக் கோயிலுக்கு வாடகை கட்ட வேண்டும். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு வந்த பிறகு, கோயில் சொத்தை அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் பத்திரம் போட முடியாது. வெறும் கட்டடத்தை மட்டும் எழுதி வாங்கலாம், உள்ளூரில் எத்தனையோ பேர் அப்படித்தான் இருக்கிறார்கள் என்றார் புரோக்கர். எங்கள் வக்கீல் வேண்டாம் என்றார். வாடகை எப்போது எவ்வளவு உயரும், நாளைக்கு வாரிசு பெயருக்கு மாற்றித் தருவார்களா என்று ஒவ்வொன்றுக்கும் அனுமதியை எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

அந்தப் பெரியவர் அந்த வீட்டில் பிறந்தவர். நாலு தலைமுறையாக வரியும் வாடகையும் கட்டி வருகிற குடும்பம். அவருக்கு அந்த வீட்டால் வங்கியில் ஒரு ரூபாய் கடன் வாங்க முடியாது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான். அதே சமயம், அந்தச் சந்துகள் இன்னும் சந்துகளாக இருப்பதற்கும் இந்த அடிமனை ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சுலபமாகக் கைமாறக்கூடிய நிலமாக இருந்திருந்தால், நாலைந்து வீடுகளைச் சேர்த்து வாங்கி இடித்து லாட்ஜ் கட்டியிருப்பார்கள். இரண்டும் உண்மை. குடியிருப்பவர்களுக்கு நியாயமான வாடகையும் நிச்சயமான உரிமையும் கொடுத்து, நிலத்தைக் கோயிலிடமே வைத்திருக்க ஒரு வழி காண முடியாதா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு வீட்டில் பத்திரத்தில் எந்தக் குறையும் இல்லை. வாசலில் நின்ற புரோக்கர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நீங்க என்ன ஆளுங்க?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. “தப்பா எடுத்துக்காதீங்க, இந்தத் தெருவுல அப்படித்தான் பாப்பாங்க” என்றார். அத்தை திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாம் பக்கத்தில் இருக்கிற, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரைப் பற்றி ஆசையோடு எழுதுகிற நான் இதை மறைக்க முடியாது. அந்த நெருக்கத்துக்குள் யாரை விடுவது, யாரை விடக் கூடாது என்கிற காவலும் சேர்ந்தேதான் இருக்கிறது. அண்ணா பிறந்த ஊரில், 2023-இல், வீடு வாங்க வந்தவரிடம் இதைக் கேட்கிறார்கள். அடுக்குமாடி வளாகத்தில் கேட்கவே மாட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு தெருவின் முழு அழகும் ஒரு கேள்வியில் செத்துப்போகிறதை அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் வாங்கியது பிள்ளையார்பாளையத்தில். நெசவாளர் தெரு. அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் கூடுதலான மனை, சொந்தப் பட்டா. முன்னால் திண்ணை, நடை, பிறகு நீளமான கூடம், பின்னால் சமையலறையும் கிணறும். கூடத்தில் தறி இல்லை, தறி இருந்த குழி மட்டும் இருந்தது. நெசவாளர் தரையின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டைகளை மிதிக்கிற பள்ளம். அதன் விளிம்புச் சிமெண்டு ஓர் ஆள் உட்காருகிற அகலத்துக்கு மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்து, கண்ணாடிபோல மின்னியது. அந்த வீட்டு அப்பா தறியில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் இறந்துபோனார். இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். மகன்களில் ஒருவர் பெங்களூரில், இன்னொருவர் ஸ்ரீபெரும்புதூரில். தறிப் பக்கம் திரும்பிப் பார்க்க இருவருக்கும் மனம் இல்லை.

விலை பேசி அட்வான்ஸ் கொடுக்கிற கட்டத்தில்தான் ஒரு சிக்கல் தலைதூக்கியது. அண்ணன் தம்பி இருவரும், சென்னையில் இருக்கிற ஒரு தங்கையும் கையெழுத்துப் போடுவார்கள். ஆரணியில் கட்டிக்கொடுத்த மூத்த அக்கா வரமாட்டார். “அவங்களுக்கு அப்பவே சீர் எல்லாம் நல்லாச் செஞ்சாச்சுங்க, அவங்க கையெழுத்து தேவைப்படாது” என்றார் புரோக்கர். சட்டப்படி இது நிற்காது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. சீர் செய்ததால் பங்கு கழிந்துவிடாது. அவராக விட்டுக்கொடுப்பதாக இருந்தாலும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். வக்கீல் இதைப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருக்கும்போது அத்தை குறுக்கே புகுந்தார். “சட்டம் கெடக்கட்டும். அந்தப் பொண்ணு பொறந்து வளந்த வீடு. அவ மனசு நெறஞ்சு கையெழுத்துப் போட்டாதான் நான் அங்க வெளக்கேத்துவேன். அவ பங்க அவ கையில குடுங்க.”

மூன்று மாதம் இழுத்தது. அதற்குள் விலை ஏறிவிடும் என்று பயமுறுத்தினார்கள். 2022 ஆகஸ்டில் பரந்தூருக்கு விமான நிலையம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்ததிலிருந்து, காஞ்சிபுரம் புரோக்கர்கள் வாயில் பரந்தூர் வராத பேச்சே இல்லை. அதற்கு முன்னால் அத்திவரதர். நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அவர் 2019-இல் 48 நாள் தரிசனம் தந்தபோது ஊர் திணறிப்போனது. அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகு எல்லோருக்கும் ஊரில் ஒரு மனை மேல் ஆசை வந்துவிட்டது என்பார்கள். ஏகனாபுரத்து ஜனங்கள் விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடிக்கொண்டிருக்க, இங்கே அதன் பெயரைச் சொல்லி விலை ஏற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் தம்பிகள் நல்லவர்கள். பேசிய விலையிலிருந்து மாறவில்லை. அக்காவையும் அவர்களே போய்ச் சமாதானம் செய்து அழைத்து வந்தார்கள்.

பதிவு நாளில் அந்த அம்மாளை முதன்முதலாகப் பார்த்தேன். அறுபதைத் தொட்டிருப்பார். ஆரணியிலும் தறிதான், இன்னும் நெய்கிறார். முப்பது வருஷ வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, அப்பா பெயரில் இருந்த அசல் பத்திரம் எல்லாம் சரியாக இருந்தன. வழிகாட்டி மதிப்புக்கு மேலேயே விலை என்பதால் அதில் பேச்சு எழவில்லை. 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகக் கேமரா முன் உட்கார்ந்து கைரேகை வைத்தார்கள். அக்காவின் முறை வந்தபோது இயந்திரம் ரேகையை ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், ஏற்கவில்லை. பட்டு இழையை முறுக்கி முடிந்து, முறுக்கி முடிந்து, விரல் நுனிகள் மழமழவென்று ஆகிவிட்டிருந்தன. வேறொரு விரலைப் பிடித்து மெதுவாக அழுத்தி வைக்கச் சொன்ன பிறகுதான் எடுத்துக்கொண்டது. அத்தை அவர் பக்கத்திலேயே நின்று முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பத்திரம் முடிந்ததும் அவர் வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். கூடத்துக்கு வந்து குழியின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார். அப்பா நடுவில் உட்கார்ந்து நெய்ய, இந்த ஓரத்தில் இருந்துதான் எட்டு வயதிலிருந்து கரைக்கு நாடா எறிந்தாராம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வருகிற கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும், தனியாளாக ஓட்ட முடியாது, கூட ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த ஒருவராக இருந்ததால் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றது. கோபமாகச் சொல்லவில்லை, அப்படி இருந்தது என்பதுபோலச் சொன்னார். இந்த வீட்டின் செங்கல்லில் அவர் உழைப்பும் இருந்தது. அவர் பங்குக்காக அத்தை பிடிவாதம் பிடித்தது எவ்வளவு சரி என்று எனக்கு அந்த இடத்தில் உறைத்தது. “குழிய மூடிடுவீங்களா?” என்று கேட்டார். மூடவில்லை. தச்சரிடம் சொல்லித் தேக்குப் பலகையில் தரையோடு தரையாக ஒரு மூடி போட்டிருக்கிறோம், தூக்கினால் வரும்.

பழுது பார்த்த கதையை நீட்டத் தேவையில்லை. ஓட்டு மாற்றம், சுண்ணாம்புப் பூச்சு, மின்சார ஒயரிங், அத்தைக்காகக் குளியலறையில் கைப்பிடி. பழைய கட்டடத்துக்கு வங்கிகள் லேசில் கடன் தருவதில்லை, மிச்ச ஆயுள் எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். ஆகவே கையில் இருந்த பணத்துக்குள் முடித்தோம்.

குடிவந்த முதல் வாரம் விடியற்காலையில் சைக்கிள் மணிச் சத்தமும் பேச்சுச் சத்தமும் கேட்டு வெளியே வந்தேன். தெருவின் நீளத்துக்கும் பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. அரக்குச் சிவப்பு. இரண்டு பக்கமும் ஆண்களும் பெண்களும் நின்று இழை இழையாகப் பிரித்து, அறுந்ததை முடிந்துகொண்டு போனார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். அதுவரை அந்தத் தெருவில் எந்த வண்டியும் வராது. பால்காரர் சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பைக்கில் வந்த ஒரு பையன் இறங்கி இன்ஜினை அணைத்துவிட்டு வேறு தெரு வழியாகத் திரும்பினான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. தெரு என்பது வேலை செய்கிற இடமும்கூட என்று அங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது பாவு நீட்டுவது குறைந்துகொண்டே வருகிறது. எங்கள் தெருவில் ஓடுகிற தறிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அத்தை இப்போது காலையில் தெருமுனைப் பிள்ளையாரோடு தொடங்குகிறார். பால், காய், மருந்துக் கடை, ரேஷன், மாவு மில், எல்லாம் அவர் பொறுப்பு. மாலையில் கைலாசநாதர் கோயில் வரை போய்ப் புல்தரையில் உட்கார்ந்துவிட்டு வருவார். பிரதோஷத்தன்று ஏகாம்பரநாதர். அவருக்கென்று ஒரு உலகம் அமைந்துவிட்டது, அதில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. போன வருஷம் சித்திரை வெயிலில் ஒரு நாள் வழியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அவரிடம் போன் இல்லை. பூ கட்டுகிற அம்மா அவரை நிழலில் உட்கார வைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, தன் மகனை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் முல்லை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெயர் அந்த அம்மாளுக்குத் தெரியாது, எந்த வீடு என்பது தெரியும். மேடவாக்கத்து வளாகத்தில் காவலாளியிடம் எங்கள் போன் நம்பர், வண்டி நம்பர் எல்லாம் எழுதி வைத்திருந்தது. கேட்டுக்கு வெளியே அத்தை யார் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஊரைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். மஞ்சள்நீர் கால்வாய் அடைத்துக்கொண்டால் நாற்றமும் கொசுவும் தாங்காது. முகூர்த்த நாள்களில் புடவை வாங்க வருகிறவர்களின் கார்கள் காந்தி ரோட்டை அடைத்துவிடும், நடந்து போகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டும். செங்கல்பட்டைச் சுற்றிப் போகிற ரயிலில் சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. நடைபாதை இங்கேயும் பெரும்பாலும் கிடையாது. எல்லாம் பக்கத்தில் இருப்பதாலும், உள்தெருக்களில் வண்டிகள் மெதுவாகப் போவதாலும்தான் இங்கே நடக்க முடிகிறது. வண்டிகளின் வேகம் கூடினால் அதுவும் போய்விடும்.

அந்தக் கவலை அத்தைக்கு எங்களுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. தெருக்கோடியில் இருந்த பழைய வீட்டை இடித்துக் கார் நிறுத்தமாக்கிய பிறகு, வெளியூர் வண்டிகள் எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொண்டன. வார்டு கூட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு நெசவாளர் மனைவியையும் பூக்கார அம்மாளையும் அழைத்துக்கொண்டு போனார். தெருமுனையில் வேகத்தடை, பிள்ளையார் கோயில் எதிரே வடிகாலுக்கு மூடி, விடியற்காலையில் பாவு நீட்டுகிற நேரத்துக்கு வண்டி வரக்கூடாது என்று ஒரு பலகை. மூன்றையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன், மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மூடி வந்துவிட்டது. மற்ற இரண்டுக்காக அடுத்த கூட்டத்துக்கு இன்னும் பத்துப் பேரைத் திரட்டிக்கொண்டிருக்கிறார், வீடு வீடாக நடந்து.